என் பரங்கிக்காயை நானே ஏலம் எடுத்த கதை

பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனதெல்லாம் ஓடிப்போன மாட்டைத் தேடித்தான். அதனால் எங்கள் கிறிஸ்தவக் கோயிலில் வேதம் வாசிக்க என்னை யாரும் கூப்பிட்டதில்லை. எனக்கென்று அங்கே இருந்த ஒரே மரியாதை என் பரங்கிக்காய். அறுப்பின் பண்டிகையன்று அவரவர் விளைச்சலில் முதல் பங்கை ஆண்டவருக்கு நன்றியாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் விடுவார்கள். வருடா வருடம் பீடத்துக்கு முன்னால், நட்டநடுவில், என் கூரையில் காய்த்த பரங்கிக்காய்தான் உட்காரும். நானே அங்கே உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். உருவமும் கிட்டத்தட்ட அதேதான்.

அந்த வருடம் என் மனைவியின் தம்பி குவைத்திலிருந்து வந்திருந்தான். அவன் நீடாமங்கலத்தில் ரயிலை விட்டு இறங்கும்போதே சென்ட் வாசனை எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. என்னோடு நாற்றுப் பறித்தவன்தான். ஆற்றில் தண்ணீர் வராத வருடம் ஏஜெண்டைப் பிடித்துப் பறந்துவிட்டான். நான் தண்ணீருக்காக வரப்பில் உட்கார்ந்திருந்தேன்.

அவனுடைய காணிக்கை ஒரு சுவர்க் கடிகாரம். மணிக்கு மணி குருவி ஒன்று கதவைத் திறந்து வந்து கூவும். போதகருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் என் பரங்கிக்காயைத் தூக்கி வாழைத்தாருக்குப் பின்னால் வைத்துவிட்டு, கடிகாரத்தை நடுவில் வைத்தார். பிரசங்கம் நன்றியைப் பற்றி. நான் குருவியையே முறைத்துக்கொண்டிருந்தேன். பாதியில் அது வெளியே வந்து கூவியது. சபை சிரித்தது, போதகரும் சிரித்தார். என் காயைப் பார்த்து ஒருத்தரும் அப்படிச் சிரித்ததில்லை.

கடிகாரத்தைக் கோயிலுக்கே வைத்துக்கொண்டார்கள். ஏலத்தில் பரங்கிக்காய் வந்ததும் முதல் ஆளாக மச்சினன் கேட்டான். இடத்தைப் பிடுங்கியது போதாதென்று காயும் வேண்டுமாமே! நான் கையைத் தூக்கினேன்.

"என்னய்யா, உன் காய நீயே கேக்குற?" என்றார் உபதேசியார்.

"கேக்கக்கூடாதுன்னு வேதத்துல இருக்கா? நான் படிக்காதவன், நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவன் ஏற்றினான், நானும் ஏற்றினேன்.

"விடுங்க மச்சான்," என்று கெஞ்சினான்.

"குவைத்துல போயி கேளு மாப்ளே!"

கடைசியில் அவன் வாயை மூடிக்கொண்டான். நான் ஜெயித்தேன். அந்தக் காசைக் கட்ட எங்கள் ஆட்டை விற்க வேண்டியதாயிற்று.

"ஆண்டவருக்குக் குடுத்தத ஆடு வித்துத் திருப்பி வாங்குன ஒரே ஆளு நீங்கதான்," என்று சொல்லிக்கொண்டே மனைவி காயை நறுக்க அரிவாள்மணையில் உட்கார்ந்தாள்.

சாயங்காலம் மச்சினன் வந்தான். குழம்பு வாசனையில் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"அங்க காஞ்ச ரொட்டிய இந்தக் குழம்ப நெனச்சுக்கிட்டுத்தான் முழுங்குவேன் மச்சான். அதுக்குத்தான் அப்புடிக் கேட்டேன். ஜெபம் பண்ணுங்க, சாப்புடலாம்."

கண்ணை மூடினேன். ஜெபம் வரவில்லை, குருவிதான் வந்தது. "நீயே பண்ணு மாப்ளே," என்றேன்.

அவன் ஆரம்பித்தான். கொடிக்கு நன்றி, கூரைக்கு நன்றி, அக்கா கைக்கு நன்றி, விதை போட்ட மச்சானுக்கும் நன்றி. ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். அவன் கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. என் கூரை, என் காய், என் பெண்டாட்டி வைத்த குழம்பு; நன்றி மட்டும் முழுசாக அவனுடையது. கடிகாரத்தைவிட அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது.

அவன் முடித்ததும் அவனைவிடச் சத்தமாக ஆமென் சொன்னேன். அதிலாவது முந்த வேண்டாமா?