அணையாத சிவப்புப் புள்ளி

பற்றரியைக் கழற்றிய பின்னரும் சிவப்புப் புள்ளி அணையாமல் நின்ற அன்றுதான், எங்கள் முதலாளி வேலை நேரத்தில் கதிரையில் உட்கார்ந்ததை நான் முதன்முறையாகக் கண்டேன்.

நான் சமூகவியல் பட்டதாரி. சுவிட்சர்லாந்தின் துன் நகரில் ஓர் ஆயுதக் கடையில், துப்பாக்கிகளுக்கான துணைப்பாகங்களைத் தெரிவுசெய்ய உதவுவது என் பணி. என் அம்மா இதனை உறவினர்களிடம் "விளையாட்டுச் சாமான் கடை" என்றே சொல்லி வருகிறார். இப்பிரிவில் புதிதாகச் சேர்வோருக்காக அன்றைய சம்பவத்தை எழுதுகிறேன்.

அன்று வந்த சிவநேசன் அண்ணை ஏரிக்கரை ஹோட்டலொன்றில் சமையல் பொறுப்பாளர். குறிபார்த்துச் சுடும் கழகமொன்றின் உறுப்பினர். உரிய அனுமதியுடன் துப்பாக்கி வைத்திருந்தார். அவருடைய மாடிக்குடியிருப்பின் நிலவறையிலிருந்து குளிர்கால டயர்களை யாரோ எடுத்துச் சென்றுவிட, அவர் தம் வரவேற்பறையைப் பாதுகாக்க முடிவுசெய்தார். அதற்கென எங்களிடம் ஒரு 'ரெட் டொட்' வாங்கித் துப்பாக்கியில் பூட்டியிருந்தார். கண்ணாடியில் தெரியும் சிவப்புப் புள்ளியை இலக்கின்மேல் வைத்துக் குறிபார்க்கும் கருவி அது.

"பிள்ளை, இது பழுது. நிப்பாட்டினாலும் புள்ளி நிக்குது," என்றபடி துப்பாக்கிப் பையைத் திறந்தார். "மாத்தித் தாங்கோ. அப்பிடியே ஒரு லேசரும், துப்பாக்கியைத் தாங்கிற மடிக்கிற காலும் போட்டுவிடுங்கோ."

"வீட்டுக்குள்ள காலை எங்கையண்ணை விரிப்பீங்கள்?"

"சோபாவுக்குப் பின்னாலை."

துப்பாக்கி வெறுமையாக இருப்பதை முறைப்படி உறுதிசெய்தபின், முதலாளி கருவியை ஆராய்ந்தார். கருவியை நிறுத்தும் ஆளியை அமர்த்தினார், பற்றரியைக் கழற்றினார், மேசைவிளக்கையும் அணைத்துப் பார்த்தார். புள்ளி அப்படியே இருந்தது. "கொஞ்சம் தடிப்பான புள்ளி," என்று சுவிஸ் ஜெர்மனில் முணுமுணுத்து உட்கார்ந்தவர், மின்சாரம் இல்லாமல் இயங்கும் கருவியைத் தயாரிப்பாளரே அறியாமல் செய்துவிட்டாரோ எனக் கவலைப்பட்டார்.

நான் பஞ்சால் கண்ணாடியைத் துடைத்தேன். பஞ்சு சிவந்தது, சந்தனம் மணத்தது.

"அண்ணை, இதிலை ஆர் பொட்டு வைச்சது?"

"என்ரை மனிசி. புதுச் சாமானெல்லோ? காருக்கும் வைச்சவ. காரெண்டா ஓடுதுதானே!"

விளக்கத்தை மொழிபெயர்த்தேன். குங்குமம் உத்தரவாதத்தில் அடங்காது என்று முதலாளி மிகுந்த கண்ணியத்துடன் அறிவித்தார். அண்ணையும் சிரித்தார். புள்ளி அணையாததை எப்போது கவனித்தார் என்று அந்தச் சிரிப்பினூடே கேட்டேன்.

"முந்தநாள் விடியக்காலமை. வாசல்ல சத்தம். தூக்கிக் குறிபாத்தன். இருட்டுக்குள்ள ஒண்டும் வடிவாத் தெரியேல்லை, இந்தப் புள்ளியும் மறைக்குது. என்ன கோதாரியடா எண்டு இறக்கி, அதைத் திருகிக்கொண்டு நிண்டனான்."

"வாசல்ல ஆர் நிண்டது?"

அவர் பையின் சிப்பை இழுத்து மூடினார். "மகள். ஆஸ்பத்திரியிலை நைட் டியூட்டி முடிச்சு வந்தவ. லைட்டைப் போட்டிட்டு, 'அப்பா, என்ன செய்யிறீங்கள்?' எண்டா."

"குண்டு போட்டிருந்ததோ?"

"ஓம்."

முதலாளிக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, நான் மேசைமேல் எடுத்து வைத்திருந்த லேசரையும் மடிக்கும் காலையும் அவர் அலுமாரிக்குள் திருப்பி வைத்தார்.

"அப்ப கள்ளன் வந்தா நான் என்ன செய்யிறது?" அண்ணையின் குரல் தணிந்திருந்தது.

"அறைக் கதவைப் பூட்டிப்போட்டு பொலிசுக்குப் போன் அடியுங்கோ."

"அவங்கள் வர முந்தி அவன் உள்ளுக்கு வந்தா?"

"வாறது அவனெண்டு எப்பிடித் தெரியும், அண்ணை?"

அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். துப்பாக்கி, கழகத்தின் பெட்டகத்துக்குப் போனது. ஆள் நடமாட்டத்தை உணர்ந்து தானாக எரியும் ஒரு விளக்கை வாசலில் பூட்டும்படி சொன்னோம். அது எங்களிடம் இல்லை, எதிர்க்கடையில் கிடைத்தது. அன்று எங்கள் பிரிவு எதையும் விற்கவில்லை.

துணைப்பாகம் ஒவ்வொன்றும் கையை விரைவாக்கும். எதிரே நிற்பவர் யார் என்பதை எதுவும் தீர்மானித்துத் தராது. ஆகவே, வீட்டுப் பாதுகாப்பு என்று வருவோரிடம் கள்ளன் எவ்வளவு தூரத்தில் நிற்பான் என்று நான் இப்போது கேட்பதில்லை. உங்கள் வீட்டுச் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்றே கேட்கிறேன். பலர் பெயர்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கி, இடையில் நிறுத்திவிடுகிறார்கள்.