மே மாதத்தில் ஓடாத வாய்க்கால்

காலை ஐந்தரைக்கு எழுந்து இரண்டு வாளி, ஒரு குடம், சமையலறையில் கைக்குக் கிடைக்கிற பெரிய பாத்திரங்கள் எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தால்தான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும். ஜெர்மனிக்கு வந்து இரண்டு வருடமாகிறது. இங்கே குழாயில் எந்த நேரமும் தண்ணீர் வரும் என்று எனக்குத் தெரியும். என் கைக்குத்தான் தெரியவில்லை. எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் பைப் தண்ணீர் காலையும் மாலையும் வந்து நின்றுவிடும். பதினெட்டு வருடம் அந்த நேரத்துக்குப் பழகிய கை இது. போன குளிர்காலத்தில் கீழ்வீட்டு ஹெல்கா கதவைத் தட்டினார். விடியற்காலையில் தினமும் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறதே, குழாய் ஏதும் உடைந்திருக்கிறதா என்றார். எனக்கு வந்த ஜெர்மனில், "பிடித்து வைக்கிறேன். பிறகு தேவைப்படும்" என்றேன். அவர் முகம் மாறிப்போனது. மறுநாள் என்னைக் கூப்பிட்டுத் தன் குளியல் தொட்டியைக் காட்டினார். விளிம்புவரை தண்ணீர். "தண்ணீர் நிற்கப்போகிறது என்று உங்கள் அலுவலகத்தில் சொல்லியிருப்பார்கள். நீங்கள் தண்ணீர் ஆராய்ச்சி செய்பவர் அல்லவா?" என்றார். அன்று வயிறு வலிக்கச் சிரித்தேன். இந்த மே மாதத்துக்குப் பிறகு அதை நினைத்துச் சிரிக்க முடியவில்லை.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உலகம் முழுவதையும் கணினியில் சதுரக் கட்டங்களாக வெட்டி வைத்திருக்கிறோம். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு மழை பெய்கிறது, எவ்வளவு ஆவியாகிறது, என்ன பயிர், எத்தனை மக்கள், எத்தனை மாடுகள், அவர்கள் எல்லாம் எடுத்துக்கொண்டது போக ஆற்றிலும் பூமிக்கடியிலும் என்ன மிச்சம் என்று கணினி மாதம் மாதமாகக் கணக்கிடும். ஆசியாவின் கட்டங்களைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. நெய்வேலி, கம்மாபுரம், குள்ளஞ்சாவடி, பண்ருட்டியின் பலாமரங்கள் எல்லாம் ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். ஊர் ஞாபகம் வரும்போதெல்லாம் அந்தக் கட்டத்தைத் திறந்து பார்ப்பேன். கார்த்திகையில் நீலம். மே மாதத்தில் வெளிறிய மஞ்சள். ஓடும் நீர் பூஜ்யம்.

என் கணவர் நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பர்மனென்ட். மகள் கயல் ப்ளஸ் டூ முடித்து ரிசல்ட்டுக்குக் காத்திருந்தாள். என் மூன்று வருட கான்ட்ராக்ட் முடியும்வரை இருவரும் அங்கே, நான் இங்கே என்பது ஏற்பாடு. மே மாதம் ஒரு மதியம், வேலை நடுவில் கூப்பிட்டாள்.

"அம்மா, கம்மாபுரத்துல சிநேகிதி வீட்டுக்குப் போறோம். வாய்க்கால்ல குளிக்கலாங்கிறா. போகட்டா?"

எதிரே திரையில் அந்தக் கட்டம் திறந்திருந்தது. சிரித்துக்கொண்டே சொன்னேன்: "மே மாசத்துல வாய்க்கால்ல ஏதுடி தண்ணி? கணுக்கால்கூட நனையாது. போய்ட்டு வா."

நெய்வேலியில் இருப்பவர்களுக்கு இதற்குமேல் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கத்துக்குள் நீர் பொங்கிவிடாமலிருக்க நிலத்தடி நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தத் தண்ணீர் வாய்க்கால்களில் சுற்றுப்பட்ட வயல்களுக்கு ஓடும். கோடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கல்யாணமான புதிதில், இதே போன்ற ஒரு கோடையில், கணவர் என்னை ஸ்கூட்டரில் அழைத்துப்போய் அந்த வாய்க்காலைக் காட்டினார். ஊரே காய்ந்து கிடக்க இடுப்பளவுத் தண்ணீர் வேகமாக ஓடியது. வெதுவெதுப்பாக இருந்தது. நான் திகைத்து நின்றதைப் பார்த்து, "இது வானம் பாத்து ஓடற தண்ணியில்ல கலா. ஷிஃப்ட் பாத்து ஓடிகினு இருக்குது" என்றார். என் காலால் உணர்ந்த தண்ணீர் அது. கணினியில் அது இல்லை. நான் கணினியைப் பார்த்துப் பதில் சொன்னேன்.

கயல் தயங்கவில்லையாம். "எங்கம்மா தண்ணி சயின்டிஸ்ட், ஆழமிருக்காதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க" என்று தோழியிடம் பெருமையாகச் சொல்லிவிட்டு முதலில் இறங்கியிருக்கிறாள். படியில் பாசி. வழுக்கியவளைத் தண்ணீர் மதகுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. கொஞ்சம் தள்ளித் துணி துவைத்துக்கொண்டிருந்த அஞ்சலை என்கிற அம்மாள், ஈரப் புடவை ஒன்றை வீசி, பிடித்துக்கொண்டவளைக் கரைக்கு இழுத்திருக்கிறார். இழுத்துப் போட்ட கையோடு திட்டும் கிடைத்தது. "டவுன்ஷிப்பு புள்ளயா நீ? பைப்புல குளிக்கிற மகாராணிக்கு வாய்க்கா கேக்குதா? எந்த மவராசி உன்ன அனுப்புனது?"

"எங்கம்மா" என்றாளாம் கயல்.

கணவர் நான்கு நாள் இதை என்னிடம் மறைத்தார். பிறகு சொன்னபோதும், "பதறாத கலா, புள்ள நல்லாதான் இருக்கா, முழங்கைல சிராய்ப்பு அவ்வளவுதான்" என்றார். நான் அனுப்பியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மறுநாளே என்னுடன் வேலை செய்யும் யானிடம் போனேன். இந்தக் கட்டத்தில் மே மாதம் தண்ணீர் ஓட வேண்டும் என்றேன். மழைத் தரவு தவறா என்று கேட்டார். மழையே இல்லை, இறைக்கிறார்கள் என்றேன். அளந்த விவரம் இருக்கிறதா என்றார். இல்லை. நான் நின்றுகொண்டே இருந்ததைப் பார்த்து, கணக்கில் பிழை வந்துவிட்டதென்று வருந்துகிறேன் என எண்ணி, அன்பாகவே சொன்னார்: "ஒரு கட்டம்தானே. அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது." என் இடத்துக்குத் திரும்பி அந்தக் கட்டத்தை மறுபடியும் திறந்தேன்.

கயலிடம் இதைச் சொன்னபோது, "நான் அளந்து அனுப்புறேன்" என்றாள். கூடாது என்று கத்தினேன். பத்து நாள் சண்டை. கடைசியில் அவள் கேட்டாள்: "நீ ஊர்ல இல்லாதப்ப நான் யாரைக் கேட்டு இறங்குறது? அந்தக் கம்ப்யூட்டருக்கு இது தெரியணுமா, வேணாமா?" ஒப்புக்கொண்டேன், ஒரு நிபந்தனையோடு. தண்ணீரில் அஞ்சலைதான் இறங்க வேண்டும்.

இப்போது ஞாயிறுதோறும், இங்கே நான் தண்ணீர் பிடிக்கிற வேளையில், அங்கிருந்து அழைப்பு வருகிறது. அஞ்சலை கோடு போட்ட கம்பை ஊன்றிக்கொண்டு நிற்பார். கயல் கரையில் நின்று படித்துச் சொல்வாள். போன வாரம் அஞ்சலை போனை வாங்கினார். "ஏங்க, இங்க ஓடற தண்ணிக்கி அங்க குந்திகினு கணக்கு போடறீங்களே, ஒரு நட வந்து கால நனச்சிட்டுதான் போங்களேன்!"

சிரித்தேன். பிறகு, "கயல் எங்க நிக்கிறா?" என்றேன்.

"கரையிலதாம்மா" என்றாள் அவளே. அவள் குரலுக்குப் பின்னால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

அழைப்பு முடியும்வரை என் கை வாளித் தண்ணீருக்குள்ளேயே இருந்திருக்கிறது. விரல்கள் விறைத்துவிட்டன. மேசைமேல் மடிக்கணினியில், அவள் நின்ற அந்த இடம், இன்னும் வெளிறிய மஞ்சளாகவே இருந்தது.