ஆழமாக வெட்டிய பெயர்

எங்கள் சபைக்கு மாமல்லபுரத்தில் கல்வெட்டு செதுக்கியவரின் பெயரை நான் கேட்கவில்லை. இமையெல்லாம் கல்தூள் படிந்த மனிதர். ஓர் எழுத்தை முடித்ததும் கட்டைவிரலை அதற்குள் வைத்து ஆழம் பார்ப்பார்.

ராஜாக்களைத் தள்ளுகிறவரும் ஏற்படுத்துகிறவரும் கர்த்தரே என்னும் வேதாகமத்தின் தானியேல் வசனத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன். அதன்கீழ், சபைத் தலைவர் என்று என் பெயர். வசனத்தை ஆழமாக வெட்டியவர், என் பெயரைக் கீறல்போல வெட்டியிருந்தார்.

"என்னய்யா இது?"

"தலைவருங்க மாறிக்கினே இருப்பாங்க சார். மேலாக்க வெட்டுனா, தேச்சுட்டு அடுத்தவரு பேரைப் போட்டுக்கலாம். ஆழமா வெட்டிட்டா, எடுக்கச்சொல்லோ கல்லே வெடிச்சிடும். வசனமும் பூடும்."

"என் பேரை எவன் எடுக்கப்போறான்? ஆழமா வெட்டு."

"ராஜாவே சொல்லிட்டாரு" என்று சிரித்தபடி உளியை எடுத்தார்.

முந்தைய தலைவர்மேல் பெண் விஷயமாகப் பொய்க் கடிதம் எழுதி, அவரை இறக்கியவன் நான். அதைத் தேவசித்தம் என்று சபைமுன் சொன்னவனும் நான்தான். அந்த மனிதர் அவமானத்தோடே இறந்தார்.

இன்றுவரை என்னை யாரும் இறக்கவில்லை. எழுபத்தெட்டு வயதில் எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. தள்ளுகிறவர் அவசரப்படவில்லை. ஞாயிறுதோறும் ஆலயத்துக்குள் நுழையுமுன், வாசல் கல்வெட்டிலுள்ள என் பெயரில் கட்டைவிரலை வைத்துப் பார்க்கிறேன். நகம் முழுவதும் புதைகிறது.