ஆயுத பூஜையன்று அணைத்த பெட்டி

காலை ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியது சண்முகவேல் அண்ணனின் மைத்துனர். "அக்கா, மாமா போய்ட்டாரு" என்றார். முந்தின நாள் நெஞ்சு வலிக்கிறது என்று ஓசூர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நானும் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். சரியாகிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம். அவரே தொடர்ந்து, "பேனர் அடிக்கணும்க்கா. மாமா போட்டோ நல்லதா ஒண்ணு இருந்தா அனுப்புங்க. எங்க யாரு போன்லயும் இல்ல" என்றார்.

பஸ்ஸை விட்டு இறங்கி, மத்திகிரிக்குத் திரும்பும் ஆட்டோவில் போனைத் துழாவினேன். ஒகேனக்கல் டூர், கம்பெனி விளையாட்டு விழா, என் மகளின் பிறந்தநாள்கள் என்று எல்லாப் படமும் இருந்தது. எல்லாம் அண்ணன் எடுத்தவை. ஒரு படத்தின் ஓரத்தில் அவருடைய முழங்கை தெரிந்தது. முகம் எதிலும் இல்லை. ஐந்து வீட்டுப் படங்களைப் பாதுகாத்துவைக்க முயன்ற மனிதருக்குக் கடைசியில் ஒரு படம் இல்லாமல் போனதை நினைத்தபோது அழுகையை விடச் சலிப்புத்தான் முதலில் வந்தது. படங்களைச் சேர்த்துவைத்த அந்தப் பெட்டி அவரை இன்னும் விடவில்லையா என்று தோன்றியது.

அவரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். சண்முகவேல் அண்ணன் கோவில்பட்டிப் பக்கம். இளம் வயதிலேயே ஓசூருக்கு வேலைக்கு வந்தவர். எங்கள் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருந்தார், நான் குவாலிட்டி. மத்திகிரியில் ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து வாடகை வீடுகள். கெலமங்கலத்திலிருந்து திருமணமாகி வந்த எனக்கு அங்கே முதலில் பழக்கமானவர்கள் அவரும் செல்வி அண்ணியும்தான். வந்த வாரமே தன் வீட்டு வைஃபை பாஸ்வேர்டை என்னிடம் சொன்னார். காம்பவுண்டில் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்லியிருந்தார். என்ன கொடுத்தாலும் எல்லோருக்கும் கொடுத்துவிடுவது அவர் சுபாவம்.

சில வருஷம் கழித்து அந்தப் பெட்டியை வாங்கினார். இரண்டு செங்கலைச் சேர்த்து நிறுத்திய அளவுக்குக் கருப்புப் பெட்டி. உள்ளே இரண்டு டிஸ்க். வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும். நாங்கள் போனில் எடுக்கும் படமும் வீடியோவும் தானாகவே அதற்குள் போய்ச் சேரும். வேண்டும்போது டிவியில் போட்டும் பார்க்கலாம். ஐந்து வீட்டுக்கும் தனித்தனி அறை போல உள்ளே பிரித்துக் கொடுத்திருந்தார்.

"ஒண்ணுல எழுதுறத இன்னொண்ணுலயும் அப்படியே எழுதிக்கிடும் தங்கச்சி. ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும். கவலையே படாதீங்க" என்றார்.

நாங்களும் கவலைப்படவில்லை. போனில் இடம் இல்லை என்று வந்தால், பெட்டியில்தான் இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு அழித்தோம்.

அந்தப் பெட்டி சும்மா இருந்த மாதம் ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. கரண்ட் போய் வந்தால், இன்வெர்ட்டரில் பெட்டி ஓடிக்கொண்டிருந்தாலும் எங்கள் போன்களிலிருந்து காணாமல் போகும். அப்டேட் போட்டால் பாஸ்வேர்டு கேட்கும். ரௌட்டரை மாற்றினால் ஐந்து வீட்டுக்கும் அண்ணன் நடந்து போன்களைச் சரிசெய்ய வேண்டும். நேற்று இருந்த படம் இன்று இருக்காது. நாளைக்கு வேறு எங்கோ இருக்கும். நாள் முழுக்கக் கம்பெனி மெஷின்களோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவர், வீட்டிலும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்பே அதன் விளக்கு என்ன நிறத்தில் எரிகிறது என்றுதான் பார்ப்பார். கோடைக்கு அதற்கென்று ஒரு சிறிய மின்விசிறி வைத்தார். "எனக்குக் காய்ச்சல்னா ஒரு மாத்திரை. அதுக்குச் சூடுன்னா தனி ஃபேன்" என்று அண்ணி எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். அண்ணனும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அடுத்த வீட்டு மஞ்சுளாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அவள் கணவர் நாகராஜ் கம்பெனி பஸ் ஓட்டியவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், பஸ்ஸில் ஏறுபவர்களோடு கன்னடம் என்று எந்நேரமும் பேசிக்கொண்டே இருப்பார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவர் எழவில்லை. மஞ்சுளாவுக்கு மிஞ்சியது ஒரு பெண் குழந்தையும், பெட்டிக்குள் இருந்த வீடியோக்களும். நாகராஜ் மகளுக்கு சைக்கிள் பழக்குவது, மகளைத் தெலுங்கில் கேலிசெய்வது, பிரியாணி ருசி பார்த்துவிட்டு மஞ்சுளாவை வம்புக்கு இழுப்பது. தினமும் வேலையிலிருந்து வந்ததும் டிவியில் அதைப் போட்டுவிட்டுத்தான் அவள் சமைப்பாள். நாகராஜின் குரல் சுவரைத் தாண்டி எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். அந்த வீடியோக்கள் அவள் போனில் இல்லை. பழைய போனைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்கியபோது, எல்லாம் பெட்டியில் இருக்கிறது என்ற தைரியத்தில் அப்படியே கொடுத்துவிட்டாள்.

அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் வழக்கம்போல எல்லா மெஷினையும் நிறுத்திக் கழுவிப் பொட்டு வைத்தோம். அன்று சாயங்காலம் காம்பவுண்டில் பைக்குகளுக்கு மாலை போட்டு முடித்ததும் அண்ணன் பெட்டியைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். பிறகு அதை அணைத்தார்.

"வாங்குன நாள்லருந்து ஓடுது. கம்பெனி மெஷினுக்கே ஒருநாள் ஓய்வு இருக்கு. இதுக்கு இல்லையா?" என்றார். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு நாங்கள் எல்லோரும் கும்பிட்டோம். மஞ்சுளாவின் மகள் அதன் மேல் ஒரு செவ்வந்திப் பூவை வைத்தாள்.

மறுநாள் பெட்டி எழவில்லை. ஒரு டிஸ்க் சுற்றவே இல்லை. இன்னொன்று சுற்றியது, ஆனால் உள்ளே டிக் டிக் என்று சத்தம். அண்ணன் பதறாமல் புது டிஸ்க் ஒன்றை வாங்கி வந்து, உயிரோடு இருந்ததிலிருந்து அதற்கு நகல் எடுக்க வைத்தார். பாதி நகல்கூட முடிந்திருக்காது, அதுவும் நின்றுவிட்டது. அதுவரை எடுத்த நகலிலும் ஒரு படம்கூடத் திறக்கவில்லை. இரண்டும் ஒரே கடையில் ஒன்றாக வாங்கிய டிஸ்க்குகள். ஒரே சூட்டில், ஒரே கரண்டில், ஒரே மாதிரி உழைத்துத் தேய்ந்திருந்தன. ஒன்று போனால் ஒன்று நிற்கும் என்ற கணக்கில் இதை யாரும் யோசிக்கவில்லை.

மஞ்சுளா அவர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"ரெண்டு இருக்குது, ரெண்டு இருக்குதுன்னு சொல்லிக்கினே இருந்தீங்களேண்ணா" என்று மட்டும் கேட்டாள்.

அவள் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதன் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

பெங்களூரில் டிஸ்க்கைத் திறந்து படங்களை மீட்டுத் தரும் இடம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, லீவு போட்டுவிட்டு பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனார். அவர்கள் திறந்து பார்த்தார்கள். உள்ளே தகட்டில் கீறல் விழுந்துவிட்டது, ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்களாம்: இத்தனை வருஷம் நிற்காமல் ஓடியதை எதற்கு அணைத்தீர்கள்? தேய்ந்த டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் ஓடியிருக்கும், நின்றால்தான் மறுபடி கிளம்புவது கஷ்டம் என்றார்களாம். அன்று திரும்பி வந்தவர் வீட்டுக்குள் போகாமல் வாசல் படியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அண்ணி கொண்டுவந்து வைத்த டீ ஆறிப்போனது.

அதன் பிறகு நாங்கள் பார்த்தது வேறு மனிதர். மற்றவர்கள் படம் போனதை ஒரு மாதத்தில் மறந்துவிட்டோம். எங்கள் கல்யாணப் படங்கள் சொந்தக்காரர்கள் யாரிடமாவது இருந்தன. அண்ணன் மறக்கவில்லை. கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவரிடம், "காப்பி எடுத்து வச்சிருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பார். "மூணு இடம் வேணும். ஒண்ணு கையில, ஒண்ணு வீட்டுல, ஒண்ணு வெளியூர்ல. பெட்டிய நம்பாதீங்க, என்னையும் நம்பாதீங்க" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஹார்டு டிஸ்க்கோடு காம்பவுண்டில் வீடு வீடாக வருவார். உண்மையைச் சொன்னால் எங்களுக்கு அலுத்துவிட்டது. அவர் வருவதைப் பார்த்து வாளியை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனவர்களும் உண்டு. அவருக்கும் அலுப்புத்தான். ஆனாலும் வருவார். மஞ்சுளா வீட்டு வாசலில் மட்டும் நிற்காமல், உள்ளே கேட்கிற மாதிரி சத்தமாக எங்களிடம் சொல்லிவிட்டுப் போவார்.

நாகராஜோடு வேலை பார்த்த டிரைவர்களைத் தேடி அவர் கிருஷ்ணகிரிக்கும் ஆனேக்கல்லுக்கும் அலைந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. யார் போனிலாவது நாகராஜ் பேசிய வீடியோ இருக்காதா என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். வீடியோ கிடைக்கவில்லை. ஒரு டிரைவரின் வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு கிடைத்தது. வண்டி பஞ்சர், வர நேரமாகும், எனக்கு ரெண்டு இட்லி எடுத்து வை என்று நாகராஜ் தெலுங்கில் சிரித்துக்கொண்டே சொல்லும் பதிவு. அதை எனக்கு அனுப்பி, "நீங்களே குடுத்துருங்க தங்கச்சி. நான் குடுத்தா வாங்க மாட்டாக" என்றார்.

நான் மஞ்சுளாவுக்குப் போட்டுக் காட்டினேன். கேட்டாள். மறுபடி போடச் சொன்னாள். தன் போனுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மறுநாள் அண்ணன் எதிரே வந்தபோது தலையைக் குனிந்துகொண்டு கடந்து போனாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதற்கு மேல் ஒரு மனிதர் என்னதான் செய்வார் என்று அண்ணனிடமே பொரிந்தேன்.

"விடுங்க தங்கச்சி. அவுக கோவம் நியாயம். கோவிச்சுக்கிடக்கூட ஒரு ஆள் இல்லன்னா அவுக யார்கிட்ட போவாக?" என்றார். நான் மஞ்சுளாவிடம் அதைப் பற்றிப் பேசுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன். அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவருடைய கம்பெனி அடையாள அட்டையில் இருந்த படத்தை, அங்கே வந்திருந்த பேனர் கடைக்காரர் தன் போனில் பெரிதாக்கிப் பார்த்தார். முகம் கலைந்து புள்ளிபுள்ளியாகத் தெரிந்தது. செல்வி அண்ணி அதைப் பார்க்க மாட்டேன் என்று திரும்பிக்கொண்டார். "எல்லாத்தையும் அந்தப் பெட்டிலதான போட்டாரு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அப்போது மஞ்சுளா உள்ளே வந்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த வாசல்படியை அன்றுதான் மிதித்தாள். அண்ணனின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அண்ணியிடம் போய்த் தன் போனை நீட்டினாள்.

அதில் சண்முகவேல் அண்ணன் இருந்தார். பெங்களூரிலிருந்து திரும்பிய அன்று, வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் பெட்டி. இரண்டு கையாலும் அதை அணைத்துப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் ஆறிப்போன டீ. முகம் தெளிவாக, சாயங்கால வெயில் பட்டு, அவரை அறிந்த யாரும் அவர்தான் என்று சொல்லும்படி இருந்தது.

"கோவத்துல எடுத்தேன் அண்ணி" என்றாள் மஞ்சுளா. "இந்த ஆளுதான் எல்லாத்தையும் தொலைச்சிட்டாருன்னு எங்கண்ணனுக்கு அனுப்பறதுக்கு ஜன்னல்ல இருந்து எடுத்தேன். அனுப்பவும் அனுப்பினேன். அப்புறம் அழிக்கலாம்னு பார்த்தா மனசு வரல."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"போன்ல இருக்குது, வீட்ல மெமரி கார்டுல இருக்குது, ஆனேக்கல்ல எங்கண்ணன்கிட்ட இருக்குது. மூணு இடத்துல வெச்சிருக்கேன். அண்ணா சொல்லிக்கினே போவாரில்ல, எனக்குக் கேட்கும்."

செல்வி அண்ணி அவளைப் பிடித்துக்கொண்டு அன்று முதன்முதலாக வாய்விட்டு அழுதார். நாங்கள் எல்லோரும் அழுதோம்.

பேனர் கடைக்காரர் தயங்கித் தயங்கி, "பெட்டிய வெட்டி எடுத்துட்டு முகம் மட்டும் போட்டுர்லாங்களா?" என்று கேட்டார். அண்ணி மறுத்துவிட்டார். "இருக்கட்டும். அது இல்லாம அவரு உக்காந்ததே இல்ல" என்றார்.

மத்திகிரியில் எங்கள் தெருமுனையில் இப்போது அந்தப் பேனர் நிற்கிறது. காலை ஷிப்டுக்கு பஸ்ஸுக்கு நிற்கும்போது தினமும் பார்க்கிறேன். தெரியாதவர்கள், இவர் ஏன் ஒரு பெட்டியை மடியில் வைத்திருக்கிறார் என்று கேட்கிறார்கள். சொல்லி முடிப்பதற்குள் பஸ் வந்துவிடுகிறது.

வெயிலும் மழையும் அந்தப் பேனரைச் சீக்கிரம் வெளுக்க வைத்துவிடும். அதனால் படத்தை மஞ்சுளாவிடம் கேட்டு வாங்கி என் போனிலும் வைத்துக்கொண்டேன். நீங்கள் இனி வீடு வீடாக அலைய வேண்டாம். போய் வாருங்கள் அண்ணா, உங்களை நான்கு இடத்தில் வைத்திருக்கிறோம்.