ருசி பார்க்காத பெட்டி

ராஜேந்திரனைப் பற்றிச் சொல்வதென்றால் மீன் டின்னில்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆசிரமத்துக்குக் கூப்பிடு தூரத்தில் கடை வைத்துக்கொண்டு மீன் விற்ற மனுஷன் அவர். அதுவும் பதின்மூன்று வருஷம், ஊர் வாயில் விழாமல்.

மாவட்டம் பிரிந்த 1989இல் செங்கம் ரோட்டில் அந்தக் கடையைத் திறந்தார். அடி அண்ணாமலையில் அண்ணன் தம்பிகள் மணிலாக்கொட்டையும் கம்பும் பயிர் போட்டுக்கொண்டிருக்க, இவருக்கு மட்டும் நிலத்தில் மனசு ஒட்டவில்லை. பெண்டாட்டி பேரில் 'வள்ளி ஸ்டோர்ஸ்' என்று போர்டு மாட்டினார். அக்கம்பக்கத்தில் வாடகைக்கு இருந்த வெள்ளைக்காரர்கள் பீநட் பட்டர் கேட்டார்கள், வரவழைத்தார். டாய்லெட் பேப்பர் கேட்டார்கள், அதையும் வரவழைத்தார். ஒருநாள் ஒருத்தர் குரலைத் தாழ்த்தி, மீன் டின் கிடைக்குமா என்று கேட்டார். ராஜேந்திரன் ரோட்டின் இரண்டு பக்கமும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் வாங்க சார்" என்றார்.

கேட்டவர் பெயர் ஆர்னே. ஆறடிக்கு மேல் உயரம், அறுபதை நெருங்கும் வயது, வடக்கே ஏதோ ஒரு குளிர் தேசத்துக் கடற்கரை ஊர். ஆசிரமத்துக்குப் பின்னால் கஸ்தூரி என்பவளின் மாடியில் பல வருஷமாகக் குடியிருந்து, தமிழும் நன்றாகப் பேசப் பழகியிருந்தார். முட்டைகூட உள்ளே வரக்கூடாது என்று கண்டிஷன் போட்டு வீடு விட்டவள் கஸ்தூரி. அதனால் ஆர்னே முதல் டின்னை வாங்கும்போதே, "பூனைக்கு" என்று சொல்லி வைத்தார். அந்த வீட்டில் பூனை கிடையாது. அது ராஜேந்திரனுக்குத் தெரியும். தெரியும் என்பது ஆர்னேவுக்கும் தெரியும். செவ்வாய், வெள்ளியில் ராஜேந்திரன் அந்த டின்னைக் கையால் தொடமாட்டார் என்பதால் புதன்கிழமை என்று ஆயிற்று. ஒவ்வொரு புதனும் வியாபாரம் இப்படித்தான் தொடங்கும்.

"பூனை நல்லாருக்குங்களா சார்?"

"நல்லாருக்கு. கொஞ்சம் வயசாயிடுச்சு."

சரக்கு சென்னையிலிருந்து வந்தது. பாரிமுனைப் பக்கம் ஒரு வியாபாரி பெட்டியைக் கட்டி பஸ்ஸில் போட்டுவிடுவார். பெட்டி வந்ததும் ராஜேந்திரன் அதை ஊதுபத்தி அட்டைகளுக்குப் பின்னால் ஒளித்து வைப்பார். ஆனால் ஒளிப்பதற்கு முன் ஒரு டின்னைத் திறந்து தானே தின்று பார்ப்பார். இதில் மட்டும் அவர் பிடிவாதக்காரர். "டப்பாவுக்குள்ள என்னா கெடக்குதுன்னு அடைச்சவனுக்கே தெரியாது. விக்கறவனாவது தெரிஞ்சுக்க வேணாமா?" என்பார். வீட்டில் வள்ளி டின்னை வாசப்படி ஏற விடமாட்டாள். ஆகவே கடையின் பின்பக்கம் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்துதான் இந்தப் பரீட்சை நடக்கும். தீர்ப்பு மூன்று வகை. நல்லாருக்கு, பரவால்ல, பூனைக்கு ஆகும். மூன்றாவதைக் கேட்டால் ஆர்னே அடித்தொண்டையில் சிரிப்பார், அப்புறம் அதையும் இரண்டு வாங்கிக்கொண்டு போவார்.

ஏன் இந்தப் பாடு என்று ஒருநாள் ராஜேந்திரன் கேட்டே விட்டார். ஆர்னே, "எங்கம்மா மீன் டின் கம்பெனியில வேலை. முப்பது வருஷம். வீட்டுக்கு வந்தா அவங்க கையில அந்த வாசனை வரும்," என்றார். அதற்கப்புறம் ராஜேந்திரன் அந்த விஷயத்தைக் கிளறவில்லை.

ஆரம்பத்தில் வந்த டின்களைச் சொல்ல வேண்டும். மூடியைத் திறந்தால் ஐந்து மத்தி மீன், தலை வால் எடுத்து, எண்ணெயில் நெருக்கியடித்துப் படுத்திருக்கும். முள்கூட வெண்ணெயாய்க் கரையும். தொண்ணூற்று மூன்று, நான்கு வாக்கில் ஐந்து நான்காயிற்று. பிறகு எண்ணெய் போய்த் தக்காளிக் குழம்பு வந்தது. குழம்பு வந்தால் உள்ளே இருப்பது தெரியாதல்லவா, அதுதான் சூட்சுமம். வருஷத்துக்கு வருஷம் லேபிள் படத்தில் மீன் கொழுத்துக்கொண்டே போயிற்று, உள்ளே இளைத்துக்கொண்டே போயிற்று. கடைசியில் வாலும் வயிற்றுத் தோலுமாகத் துண்டுகள் மிதந்தன. 'நல்லாருக்கு' என்ற வார்த்தையை ராஜேந்திரன் கடைசியாக எப்போது சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. அந்த மட்டமான சரக்கும் ஒழுங்காக வந்ததா? அதுவும் இல்லை. மாதம் ஒன்று வந்த பெட்டி மூன்று மாதத்துக்கு ஒன்றாயிற்று. போன் போட்டால் பாரிமுனைக்காரர், "மீனே கம்மிங்க, கம்பெனிக்காரனே கைய விரிக்கறான்" என்பார்.

தொண்ணூற்றாறில் வள்ளி போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள், பதினோரு நாள்தான். மகள் மதிவதனியை ஓசூரில் கொடுத்திருந்தது. அவள் காரியம் முடிந்து கிளம்பிப் போன மறுநாள் புதன்கிழமை. ஆர்னே வந்தார். பூனையைப் பற்றி யாரும் பேசவில்லை. மூங்கில் ஸ்டூலை இழுத்துப் போட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனார். அதிலிருந்து ஒவ்வொரு புதனும் அந்த அரைமணி வழக்கமாகிவிட்டது. சொல்லப்போனால், வாரம் முழுக்க ராஜேந்திரனிடம் சரக்கு கேட்காமல் பேசிய ஒரே ஆள் அவர்தான். மீதி நாளெல்லாம் கடை, பூட்டு, வெறும் வீடு. இதை வெளியே சொல்லிக்கொள்ள அவருக்குக் கூச்சம்.

வள்ளிக்கு வருஷத் திதி கொடுத்து முடித்ததிலிருந்து அவர் கார்த்திகை ஒன்றாம் தேதி ஐயப்பனுக்கு மாலை போட ஆரம்பித்தார். மாலை போட்டால் மீன் வாடையே ஆகாது, ருசி பார்ப்பது எங்கே? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஐப்பசியிலேயே பெட்டியை வரவழைத்து, தின்று பார்த்து, தீர்ப்பையும் சொல்லி வைத்துவிடுவார். நாலைந்து வருஷம் அது பிசகாமல் நடந்தது.

2002இல் பிசகியது. ஐப்பசி முழுக்கப் பெட்டி வரவில்லை. ராஜேந்திரன் நாலு தடவை போன் போட்டார், பாரிமுனைக்காரர் நாலு தடவையும் "நாளைக்கு" என்றார். ஒரு வழியாகப் பெட்டி வந்து இறங்கியபோது ராஜேந்திரன் கருப்பு வேட்டியில் நின்றுகொண்டிருந்தார், கழுத்தில் துளசி மாலை. அன்றைக்குப் புதன்கிழமை வேறு. ஆர்னே இரண்டு மாதமாக வெறுங்கையோடு திரும்பியவர்.

"சாமி, பூனை ரொம்ப நாளா பட்டினி," என்றார் ஆர்னே. மாலை போட்டவரைச் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். "சாப்ட்டுப் பாத்தாச்சா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தார், மெலிந்து போன கையைப் பார்த்தார்.

"பாத்தாச்சுங்க சார். பரவால்ல," என்றார்.

ஆர்னே அவர் முகத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார். பேப்பரில் சுற்றிய இரண்டு டின்னை வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த புதன் ஆர்னே வரவில்லை.

கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டம், ரோட்டில் கால் வைக்க இடமில்லை, அதனால் இருக்கும் என்று ராஜேந்திரன் மனசைத் தேற்றிக்கொண்டார். அதற்கடுத்த புதனும் ஸ்டூல் காலி. அப்போதுதான் எதிர் டீக்கடையில் யாரோ பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஆசிரமத்துப் பின்னால இருந்த ஒசரமான வெள்ளைக்காரர ஆட்டோவுல தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்களாம்.

தின்று பார்க்காமல் கொடுத்த அந்த இரண்டு டின்தான் ராஜேந்திரனுக்கு நினைவுக்கு வந்தது. டின் கெட்டுப் போயிருந்தால் ஆளையே தூக்கிவிடும் என்று அவருக்குத் தெரியும். கஸ்தூரி வீடு நடந்து போனால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தை அவரால் நடக்க முடியவில்லை. போய் என்னவென்று கேட்பது? மாலையோடு பொய் சொன்னேன், நான் கொடுத்த மீன்தான் என்று எந்த வாயால் சொல்வது? மலைக்குப் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டார். பெட்டியில் மீதி இருந்த டின்களை மூட்டை கட்டிக் குப்பை வண்டியில் போட்டார். புதன்கிழமைகளில் கடையைப் பாதி நேரம் சாத்தியே வைத்தார். சபரிமலையில் பதினெட்டாம் படி ஏறும்போது அவர் தனக்காக எதுவும் கேட்கவில்லை, அந்த மனுஷன் பிழைக்க வேண்டும் என்று மட்டும்தான் கேட்டார்.

மார்கழியில் திரும்பி வந்து மாலையைக் கழற்றினார். வந்ததும் ஒரு புதன்கிழமை. இனிமேலும் தள்ளினால் மனுஷனே இல்லை என்று கிளம்பினார்.

கஸ்தூரி வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றாள். இவரைப் பார்த்ததும் அவள் முகம் சுருங்கியது.

"இப்பதான் வழி தெரிஞ்சுதாண்ணா?"

"சார் எப்படிம்மா இருக்காரு?"

"போயிட்டாரு. அவங்க ஊருக்கு. அண்ணன் புள்ள வந்து ஞாயித்துக்கிழம கூட்டிக்கினு போச்சு. பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு விட்டுப் போச்சுண்ணா. பத்து நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் இங்கயே படுக்கை. இனிமே எங்க வரப்போறாரு?"

"வழுக்கியா?" என்றார் ராஜேந்திரன். "சாப்பாட்டுல ஒண்ணும்..."

"சாப்பாட்டுல என்னா?" என்றாள் அவள். சட்டென்று புரிந்துகொண்டவள் உள்ளே போய் இரண்டு டின்னையும் எடுத்து வந்து அவர் கையில் வைத்தாள். மூடி திறக்கவே இல்லை. சுற்றிக் கொடுத்த பேப்பர்கூட அப்படியே இருந்தது. "பூனைக்குன்னு அவர் சொன்னாரு, நானும் நம்பற மாதிரி இருந்துட்டேன். இந்த ரெண்ட மட்டும் தொடவேயில்ல. மால போட்ட ஆளு எப்படித் தின்னு பாத்திருப்பாரு, எனக்காகப் பொய் சொல்லிட்டாருன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. மால கழட்டினதும் ராஜேந்திரன் வருவாரு, வந்து தின்னு பாத்துச் சொல்லட்டும், அப்புறம் ரெண்டு பேரும் சாப்பிடறோம்னாரு."

ராஜேந்திரன் பேப்பரை விலக்கி டின்னின் மூடியைத் தடவிப் பார்த்தார்.

"ஆள் அனுப்பட்டுமான்னு கேட்டேண்ணா. வேணாம், வெரதத்துல இருக்காரு, தீபத்துக் கூட்டத்துல வியாபாரம் ஜாஸ்தி இருக்கும், நான் போகலன்னா அவரே வருவாருன்னுட்டாரு. ஒவ்வொரு புதன்கெழமையும் கட்டில் பக்கத்துல நாற்காலி போடச் சொன்னாரு. நானும் போட்டேன்."

ராஜேந்திரன் அந்த நாற்காலியைப் பார்க்க மாடிக்கு ஏறவில்லை. டின்களோடு கடைக்கு வந்தார். வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து, மூங்கில் ஸ்டூலை எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு டின்னைத் திறந்தார். குழம்புதான் நிறைய இருந்தது. விரலால் துழாவி ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். புளித்துப்போன தக்காளி, சவசவவென்று தோல், மீனென்று சொல்ல ஒன்றுமில்லை. இத்தனை வருஷத்தில் இவ்வளவு மட்டமாக எதுவும் வந்ததில்லை.

"பூனைக்குத்தான் சார் ஆகும்," என்று ஸ்டூலைப் பார்த்துச் சொன்னார்.

அதைக் கேட்டுச் சிரிக்கிற ஆள் இல்லை. ராஜேந்திரனுக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே, ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் அதைத் தின்று முடித்தார்.