பேனரில் அம்மா முகம்

நான் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வந்து சேர்வதற்குள் பேனர் கட்டிவிட்டிருந்தார்கள். விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், அம்மா ஷேர் ஆட்டோ ஓட்டிய ஸ்டாண்டில். கண்ணீர் அஞ்சலி, இருதயமேரி, தோற்றம், மறைவு. படத்தில் நெற்றியிலிருந்து கழுத்து வரை ஒரே மாநிறம்.

அம்மாவுக்கு இடது கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் வெண்புள்ளி. இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை வெள்ளை.

உதிரி பாகங்களில் கறையோ கீறலோ இருந்தால் கேமரா கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். அந்தக் கேமராவைப் பழக்குவது என் வேலை. ஒரு படத்தில் யாராவது கை வைத்திருந்தால் எனக்குத் தெரிந்துவிடும். இதில் வைத்திருந்தார்கள். அடக்கம் முடியும்வரை நான் யாரையும் கேட்கவில்லை. பேனரைத் திண்டிவனத்தில் அடித்துக் கொண்டுவந்தவர் அம்மாவின் தம்பி, மாசிலாமணி மாமா. எனக்கு விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு வரன் கொண்டுவந்திருந்தவரும் அவர்தான்.

நான் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் அம்மாவுக்குப் புள்ளி வந்தது. அப்பா வேலை தேடிப் பெங்களூர் போனார், திரும்பவில்லை. வீட்டு வேலைக்குக் கூப்பிட்டவர்கள் அம்மாவின் கையைப் பார்த்ததும் ஆள் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அம்மா ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டாள்.

ஆட்டோவிலும் அதே கைதான் ஹேண்டில்பாரில் இருந்தது. மார்க்கெட்டில் கீரை விற்கும் கோவிந்தம்மாள் முதல்முறை ஏறி உட்கார்ந்துவிட்டு, கையைப் பார்த்ததும் கூடையோடு இறங்கப் பார்த்தார்.

"எறங்கு தாயி, எறங்கு. இது ஒட்டாது. ஆனா என் வாய் ஒட்டிக்கும். அப்புறம் உன் மாமியாருக்குப் பேஜாராயிடும்."

கோவிந்தம்மாள் சிரித்துவிட்டார். அதன் பிறகு வேறு ஆட்டோ காலியாக நின்றாலும் ஏறமாட்டார், அம்மாவின் வண்டி வரும்வரை காத்திருப்பார். ஸ்டாண்டில் அப்படிப் பலர் இருந்தார்கள். அம்மாவின் வாய்க்காக ஏறியவர்கள்.

ஆனால் புகழ்ச்சியை அம்மா நம்பமாட்டாள். ஒருமுறை ஒரு வாத்தியார் இறங்கும்போது, "முகம் என்னம்மா முகம், உங்க மனசு எவ்ளோ அழகு" என்றார். அவர் போனதும் அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"மூஞ்சி நல்லால்லன்னு எவ்ளோ டீசண்டா சொல்லிட்டுப் போறான் பாத்தியா?"

அடக்கம் முடிந்த மறுவாரம் ஸ்டாண்டுக்குப் போனேன். பேனருக்குக் கீழேயே கூடையை வைத்துக்கொண்டு கோவிந்தம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா அஸ்வினி, மேரி எங்க? உன்கூட வந்துட்சா? ஒரு வார்த்த சொல்லாம பூட்டாளே."

நான் பேனரைக் காட்டினேன். எழுத்து படிக்கத் தெரியாத அவர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"இது யாரோ பொம்பள. பாவம், சின்ன வயசு. நானும் பாத்துகினுதான் கீறேன்."

அது அம்மாதான் என்று நான் சொன்னதும் கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "மண்ணு போட வராம உட்டுட்டனே" என்று அந்தப் படத்தைப் பார்த்தே கத்தினார்.

முப்பதாம் நாள் பூசை நெருங்கியபோது மாமா போன் செய்தார். "பாப்பா, புது பேனருக்கு அதே போட்டோவ குடுத்துடட்டுமா?"

'அதே' என்ற சொல் எனக்குப் பிடிக்கவில்லை. மாமா வீட்டுக்குத் திண்டிவனம் பஸ் ஏறினேன்.

"யார் மாத்தச் சொன்னது?" என்று கேட்டேன்.

"எதம்மா?"

"அம்மா மூஞ்ச."

"நானா? உங்கம்மா போன்ல இருந்த போட்டோ அது. நல்லா கீதேன்னு குடுத்தேன்."

"மாப்பிள்ள வீட்டுக்கு அம்மாவப் பத்தித் தெரியுமா?"

மாமா டீயை ஆற்றத் தொடங்கினார். "சமயம் பாத்து சொல்லலாம்னு கீறேன். அவங்க பரம்பரையா அது இதுன்னு கேப்பாங்க. உனுக்குத் தெரியாதா?"

அவர்தான் என்று முடிவு செய்தேன். ஆனால் அம்மாவின் போன் என் கைப்பையில்தான் இருந்தது. பேருந்து நிலையத்துக்கு வரும் வழியில் படத்தைத் தேடினேன். போன வருடம் பேனர் கடை தேவா அனுப்பியது; மாமா தெருப் பையன், அம்மாவைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவன். மாமா அப்போதே ஏற்பாடு செய்திருக்கலாம். நேரே கடைக்குப் போனேன்.

"கிறிஸ்மசுக்கு முன்னாடி வந்தாங்கக்கா" என்றான் தேவா. "தனியாத்தான்."

"யார் அனுப்பி வந்தாங்க?"

"யாரும் அனுப்பல. இன்னாத்துக்கு மேரிக்கா உனுக்கு இதெல்லாம்னு கேட்டேன். மூடிகினு பண்றா, ஆட்டோ வெயில்ல நிக்குதுன்னாங்க."

முதலில் அவன் முகம் முழுவதையும் வெளுத்துவிட்டானாம். "டேய், நான் இன்னா பௌடர் டப்பாவா? வெள்ளைய எடுக்கச் சொன்னா சேக்கறியே" என்று அம்மா திட்டியிருக்கிறாள். பிறகு பர்ஸிலிருந்து பழைய பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றை எடுத்து, இந்த நிறம் என்று காட்டியிருக்கிறாள். நிறம் சேரும்வரை ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"சேந்ததும் இன்னா சொன்னாங்க?"

"‘தோ இருக்கறா’ன்னாங்க. அவ்ளோதான். அப்புறம் ரொம்ப நேரம் பேசவே இல்லக்கா. மேரிக்கா பேசாம இருந்து நான் பாத்ததில்ல."

"செத்தா இத வைன்னு சொன்னாங்களா?"

"அப்பிடிலாம் சொல்லல."

திரையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தான். புள்ளியோடு இருப்பதைக் கொடுத்தால் கோவிந்தம்மாளுக்கு ஆள் தெரியும். மாப்பிள்ளை வீட்டாருக்கும் பதில் போய்ச் சேரும். என் கோபத்துக்கும் அதுதான் சரியான படம். ஆனால் இன்னொன்றுக்காக அம்மா யாரிடமும் சொல்லாமல் திண்டிவனம் வரை வந்திருக்கிறாள். ஊரே அவளை வாயால் அடையாளம் தெரிந்து வைத்திருந்தது. அது அவளுக்குப் போதவில்லை.

"எதக்கா போடறது?"

"அவங்க கேட்டு வாங்கினதப் போடு. பக்கத்துல ஆட்டோ படத்தையும் வை. நம்பர் தெரியணும்."

"மேரிக்கான்னே பேரு போட்டுடட்டுமா?"

"போடு."

பூசைக்கு ஸ்டாண்டில் ஒவ்வொருவரையும் நானே நேரில் கூப்பிடுவதென்று முடிவு செய்தேன். கடை வாசலில் நின்று புள்ளியோடு இருந்த படத்தை மாமாவுக்கு அனுப்பினேன். 'மாப்பிள்ளை வீட்டுக்கு இதை அனுப்புங்கள். அனுப்பியதும் எனக்குக் காட்டுங்கள்' என்று எழுதினேன்.

நீல டிக் உடனே விழுந்தது. விழுப்புரம் பஸ் விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டும்வரை பதில் வரவில்லை.