பேன்ட் மடிப்பில் ஒரு முடி

என் வீட்டுக்காரருடைய யூனிஃபார்மைத் துவைக்க எடுத்தபோது பேன்ட் மடிப்பில் கறுப்பாக ஒரு முடி ஒட்டியிருந்தது. நீளமான முடி. என்னுடையது தோளைத் தாண்டியதே கிடையாது.

எனக்குச் சந்தேகம் வர முடியெல்லாம் தேவையில்லை. பால்காரர் ஒருநாள் சிரித்தால்கூடத் தண்ணீர் கலந்துவிட்டார் என்று நினைக்கிற ஆள் நான். கல்யாணமாகி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவருக்குக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை; மெஷின் வரிசையில் நாளெல்லாம் நிற்க வேண்டும், அதைத்தான் 'லைன்' என்பார். முன்பெல்லாம் சட்டையில் ஆயில் வாடை அடிக்கும். இப்போது சோப்பு வாடை. வேலை முடிந்து குளித்துவிட்டு வீட்டுக்கு வருகிற ஆம்பளையை யார் நம்புவார்கள்?

அடிக்கடி போன் செய்து பார்த்தேன்.

"லைன்ல நிக்கேன். பொறவு பேசுதேன்" என்பார். லைனில் நிற்கும்போது போனைத் தொடவே விடமாட்டார்கள் என்று சொன்னவரும் அவர்தான். பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம் வேறு.

முடியைத் தீப்பெட்டிக்குள் பத்திரமாக வைத்தேன். நாளைக்கு இல்லையென்று சாதித்தால் காட்ட வேண்டாமா? மனசு கேட்காமல் கீழ் வீட்டு ஓனரம்மாவிடம் முதலில் காட்டினேன். அவர் அதை விரலில் ஈரம் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார்.

"இத்த முடின்னு யாரும்மா சொன்னது? ஏரில ஆகாயத்தாமரை கீதே, அதோட வேரு. இப்ப ஆளுங்கள வுட்டு வாரிக்கினு கீறாங்க."

கம்பெனிக்குப் போகிறவருக்கு ஏரியில் என்ன வேலை? சந்தேகம் குறையவில்லை, இடம்தான் மாறியது. சண்டைக்கு வேண்டிய வார்த்தைகளை வழியெல்லாம் சேர்த்துக்கொண்டே ஏரிக்கு நடந்தேன்.

தண்ணீரே தெரியாமல் பச்சை மூடிக் கிடந்தது, நடுநடுவே ஊதாப்பூ. இடுப்பளவுத் தண்ணீரில் ஆண்களும் பெண்களுமாக வரிசையாக நின்று, பிடுங்கிய செடிகளைக் கைமாற்றிக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவர். தலைத்துண்டுக்குள் போன். யூனிஃபார்மோ கரையிலிருந்த வேலிகாத்தான் முள்செடி மேல் மடித்துக் கிடந்தது.

என்னைக் கண்டதும் கரையேறி வந்தார். கால் முழுக்க அந்தக் கறுப்பு வேர்.

"கம்பெனில போன மாசமே நிறுத்திட்டாவ. ஊர்ல ஒங்க ஐயாவுக்குத் தெரிஞ்சா, எம் மவ இங்க கெடந்து கஷ்டப்பட வேண்டாம்னு ஒன்னைய கூட்டிட்டுப் போயிருவாரு." காலில் ஒட்டிய வேரை உரித்துக்கொண்டே, "லைன்லதான நிக்கேன்னு சொன்னேன். பொய்யா சொன்னேன்?" என்றார்.

வேறொருத்தி இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அழுகைதான் வந்தது. வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை யூனிஃபார்மை எடுக்கப் போனவரின் கையில் பழைய லுங்கியைக் கொடுத்தேன்.

"இதக் கட்டிட்டுப் போங்க. அத தொவச்சு தொவச்சு என் கையே போச்சு."

அவர் லுங்கியை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"ஐயா போன்ல கேட்டா, லைன்ல நிக்காருன்னு நானே சொல்லிக்கிடுதேன்" என்றேன்.